முதலில் அந்துப்பூச்சி, அப்புறம்தான் குளவி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவர், கல்யாணமாகி நான்கு வருடம். மாமனார் பிராய்லர் கோழி வளர்த்து நிறுத்திவிட்ட 120 அடி செட் ஒன்று இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதில் டிரைக்கோகிரம்மா அட்டை (குளவி ஏறிய முட்டையை ஒட்டிய அட்டை), கிரைசோபெர்லா, பொறிவண்டு என்று நன்மை செய்யும் பூச்சி மூன்று, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பெவேரியா என்று பயிர் நோயையும் பூச்சியையும் அடக்கும் நுண்ணுயிர் மூன்று, ஆக ஆறையும் வளர்த்து விற்கத் திட்டம். பத்திரத்தை வைத்து பேங்கில் 15 லட்சம் வாங்கலாம் என்றிருக்கிறார். அவர் கேட்பவை: எதில் முதலில் காசு போடுவது, செட்டை அறைகளாக எப்படித் தடுப்பது, லைசென்ஸ் வேண்டுமா, பொள்ளாச்சி ஒறம்பரைகள் தென்னை வெள்ளை ஈக்கு ஒட்டுண்ணி கேட்கிறார்களே அதையும் வளர்க்கலாமா. "பூச்சிய ஒழிக்கத்தான் காசு குடுப்பாங்க, பூச்சிய வாங்கறதுக்கு எவன் குடுப்பான்" என்று மாமா கேட்கிறாராம், அதற்கு என்ன பதில் சொல்வது. கடைசியாக, வீட்டு அரிசியில் புழு வைத்துவிடும் என்று அத்தைக்கு ஒரு பயம்.

அம்மணி, கடன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இப்போதைக்கு வாங்காதீர்கள். திட்டம் தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஆறு சரக்கில் ஒன்றைக்கூட நீங்கள் இன்னும் 90 நாள் தொடர்ந்து வளர்த்துப் பார்த்ததில்லை, அது கடிதத்திலேயே தெரிகிறது. பேங்க் தவணை முதல் மாதத்திலிருந்தே ஓடும். பூச்சி ஓடாது.

டிரைக்கோகிரம்மா வளர்க்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் வளர்க்கப்போவது கார்சைரா, அதாவது அரிசி அந்துப்பூச்சி. டிரைக்கோகிரம்மா என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி, அது இன்னொரு பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துதான் பெருகும், அந்த முட்டையை நாம் அந்துப்பூச்சியிடமிருந்து எடுக்கிறோம், அந்துப்பூச்சிக்குக் கம்பு போட்டு வளர்க்கிறோம். ஆய்வகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேலை கம்பிலும் அந்துவிலும்தான் போகும், குளவிக்கு வேலை ஒரு பங்குதான். வீட்டில் மாவு ஆட்டி வைத்திருந்தால் இட்லியும் ஆகும் தோசையும் ஆகும் பணியாரமும் ஆகும் இல்லையா, அப்படித்தான் இதுவும். கார்சைரா முட்டை இருந்தால் டிரைக்கோகிரம்மாவும் வரும், கிரைசோபெர்லாவும் வரும். கார்சைரா புழு இருந்தால் தென்னை கருந்தலைப்புழுவுக்கு விடுகிற பிராக்கான், கோனியோசஸ் குளவிகளும் வரும். மாவு இல்லாமல் பணியாரச் சட்டி ஆறு வாங்கி அடுக்கி என்ன செய்வது?

அந்து வளர்க்கிற ஒரு பேசினுக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டாக உடைத்த கம்பு 2.5 கிலோ, நிலக்கடலைத் தூள் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகத் தூள் 5 கிராம், பாக்டீரியா வராமல் இருக்க ஸ்ட்ரெப்டோமைசின் கரைசல் லேசாக ஒரு தெளிப்பு. கம்பை முதலில் 100 டிகிரி சூட்டில் வைத்து எடுத்து ஆறவிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலேயே இருக்கிற வண்டும் செள்ளும் உங்களுக்கு முன்னால் குடித்தனம் வந்துவிடும். இதில் அரை சிசி கார்சைரா முட்டையைத் தூவி, மேலே காடாத்துணி கட்டி வைத்தால், புழு பொரிந்து கம்பையெல்லாம் நூலால் பின்னிக் கட்டி, 40 நாளுக்கு மேல் ஒன்றிரண்டாக அந்து பறக்க ஆரம்பிக்கும். நல்ல வரத்து 65 முதல் 75 நாள் வரை. 90 நாளில் பேசினைக் கொட்டிவிட வேண்டும். அந்துவைப் பிடித்து, அடியில் வலை வைத்த டிரம்மில் விட்டு, தேன் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தால் முட்டை வலை வழியாகக் கீழே உதிரும். 100 ஜோடியிலிருந்து 4 நாளில் ஒன்றரை சிசி முட்டை எடுக்கலாம். ஒரு சிசி என்பது ஏறக்குறைய 16,000 முதல் 20,000 முட்டை.

இப்போது கரும்புக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கணுப்புழுவுக்கு ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 1 சிசி, நடவு போட்ட நான்காவது மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 தடவை. 50 ஏக்கர் பேசி வைத்திருக்கிறீர்கள், ஆடிப்பெருக்கன்று முதல் அட்டை கட்ட வேண்டும் என்கிறார். அதாவது ஆகஸ்ட் 3. அன்றைக்கு அட்டை கட்ட வேண்டுமானால் ஜூலை 28 வாக்கில் முட்டையை ஒட்டிக் குளவியிடம் விட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் நாலாம் நாள் முட்டை கறுக்கும், ஏழாம் நாள் எட்டாம் நாள் குளவி வெளியே வந்துவிடும். ஜூலை கடைசி வாரத்தில் 50 சிசி முட்டை கையில் இருக்க வேண்டுமானால் 3,300 ஜோடிக்கு மேல் அந்து வேண்டும். அந்த அந்து பறக்கிற பேசினை நீங்கள் மே 20 வாக்கில் கட்டியிருக்க வேண்டும். ஆடிப்பெருக்குச் சரக்குக்கு வைகாசி பிறந்தவுடனே விதை போட்டாக வேண்டும். அப்போது அந்தக் கரும்புக்காரர் உங்களுக்குப் போன்கூடப் பண்ணியிருக்க மாட்டார். இது போக, எடுத்த முட்டையில் ஆறில் ஒரு பங்கை அடுத்த சுற்றுத் தாய் அட்டைக்கு வைக்க வேண்டும், இன்னொரு பங்கை அடுத்த பேசினுக்கு வைக்க வேண்டும். விற்றுத் தீர்த்துவிட்டு, சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கதை முடிந்தது. பெங்களூரில் இருக்கிற தேசியப் பூச்சி வளப் பணியகத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ மறுபடி தாய் வளர்ப்பு வாங்கி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கறுத்த அட்டையை ஃபிரிட்ஜில் 10 டிகிரியில் கொஞ்ச நாள் நிறுத்தலாம், உண்மைதான். ஆனால் அதை நம்பித் தொழில் பண்ணக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் வெளியே வருகிற குளவி குறையும், வருவதும் சோம்பலாக வரும். பிசினசுக்குச் சேர்த்து வைக்கிற குடோன் சரக்கு இல்லை இது, பால் மாதிரி, அன்றைக்கு அன்றைக்குப் போக வேண்டும்.

செட் விஷயம். உங்களுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன், அந்தச் செட் இதற்கு ஆகாது. இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். பங்குனி சித்திரையில் உங்கள் ஊர் வெயிலில் அதற்குள் நின்று பாருங்கள். இந்தக் குளவிக்கு 26 டிகிரி பக்கமும் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதமும் வேண்டும். சூடு ஏறினால் அந்து முட்டை விடுவதும் சுருங்கும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. கோழி இருந்த வரைக்கும் ஒவ்வொரு பேட்ச் இறங்கிய பிறகும் ஈக்கும் வண்டுக்கும் உண்ணிக்கும் மருந்து அடித்திருப்பார்கள். சுவரிலும் தரையிலும் ஊறியிருக்கிற அந்த மருந்து, மனுசனுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணுக்கே தெரியாத குளவிக்குத் தெரியும். செட்டை ஏ.சி. அறையாகத் தடுக்கிற செலவில் தோட்டத்திலேயே கெட்டியாக ஓட்டு வீடோ கான்கிரீட் அறையோ 10க்கு 12 இரண்டு கட்டிவிடலாம். செட்டை உடைத்த கம்பு, பேசின், அட்டைப்பெட்டி வைக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதுகூட நன்றாகக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மழைக்காலம் போன பிறகு.

அதே மாதிரி கம்பை மண்டியில் மூட்டையாக வாங்காதீர்கள். வண்டு வராமல் இருக்க அதற்கு என்ன தூவினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் களத்து மேட்டிலேயே வாங்குங்கள், வாங்கியதில் ஒரு பேசின் மட்டும் போட்டு 10 நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

இப்போது நீங்கள் ஆசையாக எழுதியிருக்கிற பூஞ்சாணக் கதைக்கு வருகிறேன். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் அந்துப்புழு, இன்னொரு பக்கம் பெவேரியா. அம்மணி, பெவேரியா எதைக் கொல்கிற பூஞ்சாணம்? புழுவை. அதன் வித்து மாவு மாதிரி காற்றில் பறக்கும். உங்கள் பேசின் அத்தனையிலும் புழுதான் இருக்கிறது. ஒரே மாதத்தில் புழுவெல்லாம் வெள்ளை பூத்து விறைத்துக் கிடக்கும். 1835-ல் இத்தாலியில் அகஸ்டினோ பாஸி என்பவர் பட்டுப்புழு சாவதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம் என்று காட்டினார், அவர் பெயரில்தான் இதற்குப் பெவேரியா பேசியானா என்று முழுப்பெயர். அதனால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் சுற்று வட்டாரத்தில், உடுமலைப் பக்கம் தாராபுரம் பக்கமெல்லாம், மல்பெரி போட்டுப் பட்டுக்கூடு எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பெவேரியா அவர்கள் மனைக்குள் போனால் புழு சுண்ணாம்புக்கட்டியாகிவிடும். ஊர்ப் பகை தேவையா? காற்றடிக்கும் திசையில் பட்டுப்புழு மனை இருந்தால் பெவேரியா பக்கமே போகாதீர்கள்.

லைசென்ஸ் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. குளவி, பொறிவண்டு மாதிரி உயிர்ப் பூச்சிகளை விற்க 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவையில்லை. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பெவேரியா மூன்றுக்கும் தேவை. மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவு, அதன் பிறகு மாநிலத்தில் தயாரிப்பு உரிமம். ஒரு கிராம் டிரைக்கோடெர்மாவில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்து, பெவேரியாவில் 10 கோடி, கூடவே வேறு கிருமி இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது, ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தரம் வைத்திருக்கிறார்கள். ஈஸ்டும் வெல்லப்பாகும் போட்ட கரைசலில் டிரைக்கோடெர்மா வளர்ப்பது எம்.எஸ்சி. படித்த உங்களுக்குக் கஷ்டமே இல்லை, பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சையாகப் படர்ந்துவிடும், டால்க்கில் கலந்து உலர்த்தினால் பாக்கெட். கஷ்டம் அதற்குப் பிறகு. ஐப்பசி ஈரத்தில் 8 சதவீதத்தைப் பிடித்து நிறுத்துவதும், பேட்ச் பேட்ச்சாக வித்து எண்ணுவதும், உங்கள் பாக்கெட் உரக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே ரசாயன மருந்துக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வெந்த பிறகும் அதில் உயிர் இருக்கிறது என்று உறுதி சொல்வதும். பதிவில்லாமல் லேபிள் ஒட்டி விற்க ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும், பின்னாடி நிம்மதியாக இருந்தவர் யாரும் இல்லை.

உங்கள் சொந்த மஞ்சள் வயலுக்கு டிரைக்கோடெர்மா வேண்டுமா, அது வேறு. பதிவு பெற்ற பாக்கெட் 1 கிலோ வாங்கி, மக்கின தொழுஉரம் 100 கிலோவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கோ பாலித்தீனோ போட்டு மூடி, மூன்று நாளுக்கொருமுறை கிளறித் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வயலில் போடுங்கள். கிழங்கு அழுகலுக்கு நல்ல காரியம். அதை அண்டை அயலார்க்குச் சொல்லிக் கொடுங்கள், விற்க வேண்டாம்.

என் சொந்தக் கதை ஒன்று, இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். கார்சைரா முட்டையை அட்டையில் ஒட்டுவதற்கு முன்னால் புற ஊதா டியூப் வெளிச்சத்தில் காட்டுவோம். எதற்கென்றால், குளவி தொடாமல் விட்ட முட்டை பொரிந்து புழு வந்தால் அது பக்கத்தில் இருக்கிற கறுத்த முட்டையையும் தின்றுவிடும், அதனால் கருவை முதலிலேயே கொன்றுவிட வேண்டும். குளவிக்குக் கரு செத்த முட்டையே போதும். தனி ஆய்வகம் ஆரம்பித்த இரண்டாம் வருடம் கோபி பக்கம் ஒரு விவசாயியிடமிருந்து காலையில் போன். "அய்யா, நீங்க குடுத்த அட்டையில புழு ஊருதுங்க, இதத்தான் கரும்புல கட்டச் சொன்னீங்களா?" ஓடிப் போய்ப் பார்த்தேன். அட்டை முழுக்க நூல், நூலுக்குள் வெள்ளைப் புழு. விவசாயி வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரிக்கிறார்கள். திரும்பி வந்து டியூபைப் பார்த்தால் அது நீலமாக அழகாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கேதான் ஏமாந்தேன். நீல வெளிச்சம் இருக்கும், வேலை செய்கிற கதிர் டியூப் பழசாகப் பழசாகக் குறைந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது. அன்றிலிருந்து டியூப் மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதுகிறேன், ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு சிட்டிகை முட்டையைக் குளவி காட்டாமல் தனியாக டப்பாவில் வைக்கிறேன். ஐந்தாம் நாள் அதில் ஒரு புழு தெரிந்தாலும் அந்தப் பேட்ச் வெளியே போகாது. நீங்களும் இதைச் செய்யுங்கள். அந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், பெட்டிக்குக் கதவு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருடன் பிராக்கான். தென்னைக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற அதே குளவி வகைதான், நம் கார்சைரா அறைக்குள் புகுந்தால் பேசின் துணிக்கு மேலேயே உட்கார்ந்து உள்ளே இருக்கிற புழுவைக் கொட்டி மயக்கிவிடும். புழு சாகாமல் அசையாமல் கிடக்கும், மேலே குட்டிக் குட்டிப் புழு ஒட்டிக்கொண்டு உறிஞ்சும், நாலைந்து நாளில் வெள்ளைக் கூடு. அந்துவுக்கு ஒரு தலைமுறை வர 40 நாளுக்கு மேல் ஆகிறது, பிராக்கானுக்கு 10, 12 நாள் போதும். யார் ஜெயிப்பார்? அதனால்தான் அறை கெட்டியாக இருக்க வேண்டும், சன்னலுக்குக் கொசுவலை போதாது, அதைவிட நெருக்கமான வலை வேண்டும், புழு அறைக்கும் குளவி அறைக்கும் நடுவில் ஒரு காலி அறை இருந்தால் உத்தமம். காலையில் குளவி அறையில் வேலை பார்த்தவர் அதே சேலையோடு பேசின் அறைக்குப் போகக் கூடாது.

குளவியின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடக்கணக்காகக் கார்சைரா முட்டையிலேயே வளர்ந்த குளவி மெதுவாகச் சோடை போகும். பெண் குறையும், இறக்கை சரியாக விரியாதது கூடும். மாதம் ஒருமுறை அட்டையில் ஒரு சிறு துண்டு வெட்டி லென்ஸ் வைத்துப் பாருங்கள், எத்தனை முட்டை கறுத்தது, கறுத்ததில் எத்தனை ஓட்டை விழுந்தது, வந்தவை பறக்கிறதா நடக்கிறதா. நடக்க ஆரம்பித்தால் தாய் வளர்ப்பை மாற்றுகிற நேரம்.

மாமாவின் கேள்வி நல்ல கேள்வி. பாதி சரியும்கூட. கரும்புக்குச் சர்க்கரை ஆலைகளும், மற்றதற்கு வேளாண்துறை ஆய்வகங்களும் குறைந்த விலைக்குக் கொடுக்கும்போது உங்களிடம் யார் வருவார்? ஆலையில் அட்டை தீர்ந்துபோன வாரத்தில் வருவார்கள். இயற்கை விவசாயம் பார்க்கிறவர் வருவார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று மொத்தமாகக் கேட்கும். ஆனால் எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணுவார்கள், புழுவைப் பார்த்த பிறகுதான் அட்டை கேட்பார்கள். டிரைக்கோகிரம்மா முட்டையைத்தான் அழிக்கும், கரும்புக்குள் துளைத்துப் போய்விட்ட புழுவை அதனால் ஒன்றும் பண்ண முடியாது. "இப்ப அட்டை கட்டிப் பிரயோசனமில்லைங்க, வர்ற பதினஞ்சு நாளைக்கு அப்புறம் கட்டுங்க" என்று சொல்லி ஒரு வியாபாரத்தை விடுகிற துணிச்சல் உங்களுக்கு வேண்டும். அப்படி நான் திருப்பி அனுப்பிய ஒருவர்தான் அடுத்த பருவத்துக்கு ஆறு தடவைக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்தார், என் அனுபவம். நடவுத் தேதியை வாங்கி வைத்துக்கொண்டு, நாலாம் மாதம் பிறக்கும்போது நீங்களே போன் பண்ணுங்கள்.

அட்டையைக் கொடுக்கும்போது கூடவே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். பஸ் பார்சலில் எஞ்சின் மேல் வைத்து அனுப்பாதே, சாயங்காலம் பொழுதோட கட்டு, இலையின் அடியில் ஸ்டேப்பிள் அடி, எறும்பு ஏறாத இடமாகப் பார், கட்டிய பிறகு ஒரு வாரம் பத்து நாள் மருந்து அடிக்காதே. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வரப்போரத்தில் கட்டினால் குளவி கரூர் போய்ச் சேரும், அட்டை வயலுக்கு உள்ளே போக வேண்டும். குளிர்ச்சியான இடத்தில் வை என்று சொன்னேன் என்பதற்காக ஒருவர் சாமி ரூமில் முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்து மறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சாமி ரூம் சன்னல் கண்ணாடி முழுக்க மிளகுத்தூள் தூவின மாதிரி.

பொள்ளாச்சி ஒறம்பரைகளுக்கு வருகிறேன். தென்னையில் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தெரிந்ததே 2016-ல் பொள்ளாச்சியில்தான். அதற்கு என்கார்சியா குவாடலூபே என்று ஒரு குளவி தானாகவே தோப்பில் இருக்கிறது. அதை வளர்த்து விற்கலாமா என்றால், வேண்டாம். மருந்து அடிக்காமல் விட்டால் அது பெருகும். இல்லாத தோப்புக்கு வேண்டுமானால் குளவி ஏறிய ஓலைத் துண்டு, கூட்டுப்புழு கறுத்துப்போய் இருக்கும் பாருங்கள், அதை வெட்டிக்கொண்டு போய் அடுத்த தோப்பில் செருகினால் போதும். மாமா சொல்கிற மாதிரி அதற்கு எவனும் காசு கொடுக்க மாட்டான், கொடுக்கவும் தேவையில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை இது. மிக நன்றாக வேலை செய்கிற குளவிக்கு இரண்டாவது முறை வாடிக்கையாளர் கிடையாது. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி கோவையில் தெரிந்து, பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு, செம்பருத்தி வேலி என்று கொங்கு முழுக்க வெள்ளையடித்துவிட்டது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவி வந்தது, அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது முக்கியம். பெருக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டார்கள், நானும் ஒரு மஞ்சப்பையில் டப்பாவைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் விட்டிருக்கிறேன். அடுத்த வருடத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இப்போது போய் அந்தக் குளவியை விற்றுப் பாருங்கள், ஒருவர் வாங்க மாட்டார், எல்லார் தோட்டத்திலும் சும்மா இருக்கிறது. குச்சிக்கிழங்குக்குப் புதிதாக வந்த இன்னொரு மாவுப்பூச்சிக்கும் 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குளவியை விட்டது இதே கணக்குதான். அது சர்க்கார் வேலை. தனியார் ஆய்வகத்துக்குப் பிழைப்பு, பருவத்துக்குப் பருவம் திரும்ப விட வேண்டிய பூச்சியில்தான்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு எல்லாரும் கேட்பார்கள், உங்கள் பக்கம் கோழித்தீவனத்துக்கு அவ்வளவு மக்காச்சோளம். ஆனால் அந்தப் புழு முட்டையை அடுக்கடுக்காக வைத்து மேலே ரோமம் போட்டு மூடிவிடும். டிரைக்கோகிரம்மா மேல் அடுக்கோடு நின்றுவிடும். அதற்குச் சரியான ஆள் டெலினோமஸ் ரெமஸ், அடி அடுக்கு வரை போகும். அதை வளர்க்கக் கார்சைரா முட்டை ஆகாது, ஆமணக்கு இலை போட்டுப் புரோடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழு வளர்த்து அதன் முட்டை எடுக்க வேண்டும். தனி அறை, தனி ஆள். மூன்றாம் வருடம் யோசியுங்கள். கிரைசோபெர்லா புழு ஒன்றையொன்று தின்னும், ஒவ்வொன்றுக்கும் தனி அறை கொடுத்துத் தினம் தீனி வைக்கக் கூலி கட்டாது. பொறிவண்டுக்கு அரசாணிக்காயில் மாவுப்பூச்சி ஏற்றி வளர்க்க வேண்டும், காய் அழுகாமல் இருந்தால் சுலபம், ஆனால் வாங்கிப் போனவர் அதன் புழுவையே மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துவிடுவார்.

ஆக நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோவைக்குப் போய்ப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் ஒட்டுண்ணி வளர்க்கிற அறையை ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள், அங்கே வேலை பார்க்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. 20 பேசின் போடுங்கள், ஒரே நாளில் இல்லை, மூன்று நாளுக்கு இரண்டாக, அப்போதுதான் அந்து வரத்து விடாமல் இருக்கும். ஒவ்வொரு பேசினிலும் தேதி. 1 சிசி அட்டையைக் கருவேலம் பிசின் தடவி, டீ வடிகட்டியில் முட்டையைப் போட்டுத் தட்டி, நீங்களே ஒட்டிப் பழகுங்கள். முதல் ஆறு மாதம் உங்கள் தோட்டத்துக்கும் தெரிந்த நாலைந்து பேருக்கும் சும்மா கொடுங்கள். வளர்ப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் ஆறு மாதம் ஓடினால் அப்போது பேங்க்குக்குப் போகலாம், 15 லட்சம் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளாதீர்கள், முகக்கவசம். அந்துவின் இறக்கைச் செதில் தூள் மாதிரி அறை முழுக்க மிதக்கும். பிடிக்கும்போதும் முட்டை சலிக்கும்போதும் மூக்குக்குள் போகும். எனக்கு இன்றைக்கும் மார்கழியில் இழுப்பு வருகிறது, அந்தக் காலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த பலன். நல்ல கவசம், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஒரு ஃபேன், அதன் வாயில் வலை. வேலைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போகாதீர்கள்.

அத்தை சொன்னதுதான் சரி, மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். அரிசி அந்துப்பூச்சிக்கு ஆய்வகக் கம்பு எது, வீட்டு அரிசி மூட்டை எது என்று தெரியாது. அரிசி, கம்பு, ராகி, கடலைப்பருப்பு எல்லாவற்றையும் மூடி இறுகின டிரம்முக்கு மாற்றி, ஆய்வகத்தை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள். 90 நாள் முடிந்த பேசின் கம்பை அப்படியே குப்பையில் கொட்டாமல் வெயிலில் கறுப்பு பாலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வேகவிட்டு, அப்புறம் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிக்குப் போடுங்கள். முட்டை நன்றாக வைக்கும், அதில் நாலு முட்டை அத்தைக்கு வாங்கிக் கொடுங்கள்.